மூன்றாம் தடவை எழுதப் போகிறேன். "பொசிட்டிவாக யோசி" என்று மட்டும் சொல்லாதீர்கள்

பாதைக்காரி (மண்டூர்):

எல்லாருக்கும் வணக்கம். நான் ஏ.எல் (பல்கலைக்கழகம் போக எழுதுகிற உயர்தரப் பரீட்சை) உயிரியல் பிரிவு. முதல் தடவை ஒரு சி, இரண்டு எஸ். இரண்டாம் தடவை இரண்டு சி, ஒரு எஸ். எஸ் என்றால் ஆகக் குறைந்த சித்தி, சி அதற்கு மேல். பௌதிகவியலுக்கு இரண்டு தடவையும் எஸ்தான். மூன்றாம் தடவைக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, இதற்கு மேல் எழுதினாலும் கெம்பஸ் போக அது உதவாது என்பது உங்களுக்கே தெரியும். பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது, இப்போது தனிப்பட்ட பரீட்சார்த்தி. வீடு மண்டூர், ரியூசன் களுவாஞ்சிக்குடியில். ஒவ்வொரு நாளும் குருமண்வெளிக்குப் பாதையில் போய் வருகிறேன் (வெளியூர் ஆக்களுக்கு: பாதை என்றால் ரோட்டு இல்லை, வாவியைக் கடக்கிற படகு, மோட்டார் சைக்கிளையும் ஏற்றும்).

என் பிரச்சினை இதுதான். பள்ளிக்கூடத்தில் இருந்த காலத்தில் வெளியிலிருந்து ஒருவர் வந்து எங்களுக்கு ஊக்கப் பேச்சு நடத்தினார். எல்லாரையும் கண்ணை மூடச் சொன்னார். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக ஆசுபத்திரி வாசலில் நிற்பதாக நினையுங்கள், தினமும் நித்திரைக்கு முதல் இதைச் செய்யுங்கள் என்றார். செய்தேன். பொய் சொல்லவில்லை, இரண்டு வருசம் செய்தேன். "டொக்டர்" என்று எழுதி மேசைக்கு மேல் சுவரில் ஒட்டியும் வைத்தேன், இப்போது அதன் மேல் பல்லி எச்சம்தான் இருக்கிறது. நினைக்கிற நேரம் நன்றாகத்தான் இருக்கும். அடுத்த நாள் பௌதிகவியல் பாஸ்ட் பேப்பரைத் திறந்தால் கை குளிர்ந்துவிடும், நாலு கேள்வி பார்த்துவிட்டு மூடிவிட்டு உயிரியல் கொப்பியை எடுத்து ஏற்கெனவே தெரிந்ததைக் கலர் கலராகக் கோடு போட்டுப் படிப்பேன். அம்மா பார்த்தால் பிள்ளை விழுந்து விழுந்து படிக்கிறாள் என்று நினைப்பா.

பெரியம்மாவின் மகள் முதல் தடவையிலேயே யாழ்ப்பாணம் மருத்துவபீடம். அவளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே மாஸ்டர். அவளிடம் இருக்கிற விடாமுயற்சி என்னிடம் இல்லையா? அது பிறக்கும்போதே வருகிற சாமானா? அப்பா விடிய வெள்ளன வட்டைக்கு (வயலுக்கு) போய் இருட்டித்தான் வருகிறார், ஒரு வார்த்தை பேசமாட்டார், அவர் பேசாததுதான் எனக்குக் கூடப் பாரம். படிக்கவே ஏலாத நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உண்மையாகச் சொல்லுங்கள்.

ஆரையம்பதி அண்ணன்:

தங்கச்சி, நானும் மூன்றாம் தடவை. இப்போது வந்தாறுமூலையில் விஞ்ஞானபீடம். மருத்துவம் கிடைக்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இவன் சும்மா வெற்றிக்கதை அளக்கிறான் என்று பிறகு நினைக்கக்கூடாது.

உன் எழுத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கலர் கோடுதான். நான் இரண்டு வருசம் செய்ததும் அதுதான். தெரிந்ததைத் திரும்பத் திரும்பப் படிப்பது படிப்பு மாதிரியே இருக்கும், களைப்பும் வரும், ஆனால் அது ஒளிந்திருக்கிற இடம். மூன்றாம் தடவைக்கு நான் எவ்வளவு நேரம் படிக்கிறேன் என்பதை மாற்றவில்லை, சொல்லப்போனால் குறைந்தது, ஏனென்றால் பகலில் மாமாவின் கடையில் நின்றேன். மாற்றியது ஒன்றே ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, பௌதிகவியல் பாஸ்ட் பேப்பரின் முதலாம் பகுதியை (பல்தேர்வுக் கேள்விகள்) முழுதாக இரண்டு மணித்தியாலம் இருந்து செய்தேன். 50 கேள்வியில் 21 சரி. அழுகை வந்தது. அழுதுவிட்டு, சரி, மற்ற 29 ஏன் பிழைத்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் மூன்று கோடு போட்டேன். முதலாவது வகை, பாடமே தெரியாது. இரண்டாவது, பாடம் தெரியும், ஆனால் கேள்வியைப் பிழையாக எடுத்திருக்கிறேன் ("பிழையான கூற்று எது" என்று கேட்க, சரியானதைப் போட்டது மாதிரி). மூன்றாவது, நேரம் போய்விட்டதால் கண்ணை மூடிப் புள்ளடி போட்டது. எண்ணிப் பார்த்தால் 11, 9, 9.

நான் அவ்வளவு நாளும் "எனக்குப் பௌதிகவியல் வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தாளில் எனக்கு வராதது 11 கேள்விதான், அந்த 11உம் நாலு பாடத்துக்குள் அடங்கிவிட்டது. வெப்பம், அலை, திரவநிலை (மிதப்பும் திரவ அமுக்கமும்), மின்காந்தம். அதிலும் திரவநிலை ஒரு கிழமை வேலை. மீதி 18 மூளைப் பிரச்சினையே இல்லை, பழக்கப் பிரச்சினை. இதை எந்த ஊக்கப் பேச்சும் எனக்குச் சொல்லவில்லை, ஒரு கலண்டர் தாள் சொன்னது. அதற்குப் பிறகு ஒரு கொப்பி வைத்தேன், அதில் பிழைகள் மட்டும். சரியான விடை எழுதுவதில்லை, ஏன் பிழைத்தேன் என்று ஒரு வரி, அதுவும் என் பேச்சிலேயே. "அலகைப் பார்க்காமல் பாய்ந்துவிட்டாய் மடையா" என்றுகூட ஒரு இடத்தில் இருக்கிறது.

படிக்கவே ஏலாத நாளில் என்ன செய்தேன் என்று கேட்டாய். அந்தக் கொப்பியை வாசித்தேன். புதிதாக ஒன்றும் செய்யவில்லை. சில நாள் அதுவும் இல்லை, கல்லடிப் பாலத்தில் போய் நின்று மீன் பிடிக்கிறவர்களைப் பார்த்துவிட்டு வந்து படுத்தேன்.

கல்முனைக் கடற்காற்று:

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம். கோபிக்க வேண்டாம். நான் இரண்டாம் தடவையோடு நிறுத்தியவன். ஊரில் எல்லாரும் "இன்னொரு தரம் எழுதடா" என்றார்கள், எழுதவில்லை, தாதியர் பயிற்சிக்குப் போட்டேன், இன்றைக்கு வாட்டில் வேலை. இரவு டியூட்டியில் இருந்துதான் இதை எழுதுகிறேன். நான் விடாமுயற்சி இல்லாதவனா? எங்கள் ஊரில் டொக்டர், இஞ்சினியர் என்று இரண்டு கதிரைதான் போட்டு வைத்திருக்கிறார்கள், அது கிடைக்காதவன் எல்லாம் விட்டுவிட்டு ஓடினவன் என்ற கணக்கு.

மூன்றாம் தடவை எழுது தங்கச்சி, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தாழங்குடாக் கல்வியியற் கல்லூரிக்கோ (ஆசிரியர் பயிற்சி) தாதியர் பயிற்சிக்கோ வர்த்தமானி (விண்ணப்பம் கேட்கிற அரசாங்க அறிவித்தல்) வரும்போது அதையும் ஒரு கண்ணால் பார், தகுதி இருந்தால் போடு. அது தோல்விக்கு ஆயத்தம் செய்வது இல்லை. வேறு ஒரு வழியும் இருக்கிறது என்று தெரிந்தால் பேப்பரைத் திறக்கும்போது கை அவ்வளவு குளிராது, எனக்கு அப்படித்தான் இருந்தது.

சம்மாந்துறை நானா:

நான் உளவியல் படித்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருக்கிறேன். தங்கச்சி சொன்ன அந்த வெள்ளைக் கோட் கதைக்கு ஒரு பதில் இருக்கிறது, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கபிரியேலே எட்டிங்கன் என்று ஜேர்மனியில் பிறந்த ஒரு உளவியல் பேராசிரியை இருக்கிறா. அவவும் மேயர் என்பவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வொன்றில், படிப்பு முடித்து வேலை தேடப்போகிற ஆட்களிடம் இரண்டு விசயம் கேட்டார்கள். ஒன்று, வேலை கிடைக்கும் என்று எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள். மற்றது, வேலை கிடைத்துவிட்ட மாதிரி இனிப்பான கனவு எவ்வளவு அடிக்கடி வருகிறது. இரண்டு வருசம் கழித்துப் பார்த்தால், எதிர்பார்ப்புக் கூடின ஆட்கள் நன்றாகச் செய்திருந்தார்கள். கனவு கூடின ஆட்கள் அனுப்பிய விண்ணப்பமும் குறைவு, கிடைத்த வேலையும் குறைவு, சம்பளமும் குறைவு. இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், ஆனால் ஒன்று இல்லை. எதிர்பார்ப்பு என்பது முந்தி செய்து பார்த்ததில் இருந்து வருவது, "போன கிழமை 21, இந்தக் கிழமை 24, அடுத்த கிழமை 26 வரலாம்" என்கிற மாதிரி. கனவுக்கு அப்படி ஒரு ஆதாரமும் வேண்டியதில்லை, கண்ணை மூடினால் போதும். ஏற்கெனவே கோட் போட்டு வாசலில் நின்றாயிற்று, பிறகு மனம் எதற்கு எழும்பி மேசைக்குப் போகப்போகிறது? ஆரையம்பதிக்காரர் கலண்டர் தாளில் செய்தது எதிர்பார்ப்பை உண்டாக்குகிற வேலை. அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம்.

அடுத்தது, விடாமுயற்சி பிறவியில் வருகிறதா என்ற கேள்வி. செலிக்மன், மயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1967இல் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எவ்வளவு முயன்றும் மின்னதிர்ச்சியை நிறுத்த முடியாமல் இருந்த நாய்களில் பெரும்பாலானவை, பிறகு தப்புகிற வழி திறந்திருந்தும் எழும்பவில்லை, அப்படியே படுத்துக் கிடந்தன. "கற்றுக்கொண்ட கையறுநிலை" என்று பேர் வைத்தார்கள். இதுவரை எல்லாரும் சொல்லுகிற கதை. ஆனால் அதே இரண்டு பேரும் 2016இல், மூளை ஆய்வுகளை எல்லாம் பார்த்துவிட்டு, நாங்கள் தலைகீழாகச் சொல்லிவிட்டோம் என்று எழுதினார்கள். கஷ்டம் நீண்டுகொண்டே போனால் உடம்பு தானாகவே ஒடுங்கிப் படுக்கும், அதை யாரும் கற்கத் தேவையில்லை. கற்கவேண்டியது மற்றது, அதாவது "நான் செய்தால் ஏதாவது மாறும்" என்பது. அது சின்னதாக ஒன்றைச் செய்து அது மாறுவதைக் கண்ணால் கண்டால்தான் படியும். அதனால் பேப்பரைப் பார்த்துக் கை குளிர்வதை வைத்து உன்னிடம் ஒன்று இல்லை என்று முடிவு கட்டாதே. இரண்டு தடவை அடி வாங்கின உடம்பு வேறு என்ன செய்யும்?

கலர் கோட்டைப் பற்றியும் ஒன்று. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு. மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பந்தியை நாலு தடவையும் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு தடவை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று தடவை எழுதிப் பார்த்தார்கள். ஒரு கிழமை கழித்து முதல் பகுதியினருக்கு 40 வீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு 61 வீதம். பகிடி என்னவென்றால், இதெல்லாம் எங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அடித்துச் சொன்னது நாலு தடவையும் படித்தவர்கள்தான்.

மறுகா ஒன்று. "இன்றைக்குக் கட்டாயம் படிப்பேன்" என்று நினைக்காமல், "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று கட்டி வை. பாதை கரையை விட்டதும் கொப்பியைத் திறப்பேன். அவ்வளவுதான், எத்தனை பக்கம் என்றுகூட வேண்டாம்.

பௌதிகவியல் மாஸ்டர் (களுவாஞ்சிக்குடி):

நானா சொன்னது சரி. நான் கணக்கு மட்டும் சொல்கிறேன். கெம்பஸுக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளி என்பது உன் புள்ளியில் இருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் பிரிப்பது, மூன்று பாடத்துக்கும் அப்படி எடுத்து அதன் சராசரி. ஆகவே பேப்பர் கஷ்டம் என்று பயந்து பிரயோசனம் இல்லை, எல்லாருக்கும்தான் கஷ்டம். அடுத்தது, உன்னிடம் பௌதிகவியல் எஸ்ஸில் கிடக்கிறது என்றால் கூட்டுவதற்கு இடம் அதில்தான் அதிகம், சி எடுத்த உயிரியலை இன்னும் மினுக்கிக்கொண்டிருப்பதில் வருகிறது கொஞ்சம். பிள்ளைகள் எல்லாரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள், பிடித்த பாடத்துக்கு ஐந்து மணித்தியாலம், பிடிக்காததுக்கு அரை. மருத்துவம் மாதிரிப் பீடங்களுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு, மட்டக்களப்பும் அம்பாறையும் அதற்குள் இருக்கின்றன. கொழும்புப் பிள்ளையை நினைத்துப் பயந்து நித்திரை கெடுகிறதை முதலில் விடு.

50 கேள்வி, 120 நிமிடம். ஒன்றுக்கு 2 நிமிடம் 24 விநாடி. மூன்று நிமிடம் தாண்டினால் அந்தக் கேள்வியை விட்டுவிட்டுப் போகப் பழகு. அதற்கும் ஒரு மனத்தைரியம் வேண்டும்.

கல்லடி ரீச்சர்:

மகள், நான் ஓய்வு பெற்ற ஆள், நீளமாக எழுதத் தெரியாது. இரவு நித்திரையைக் குறைக்காதீர்கள், நித்திரை இல்லாமல் படித்தது தங்காது. அப்பா பேசாமல் இருப்பது உங்களில் குறை பிடித்து இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வயலில் நிற்கிற மனிதர்களுக்கு ஒரு போகம் வெள்ளத்தில் போனால் அடுத்த போகம் விதைக்கத்தான் தெரியும், அதை வாயால் சொல்லத் தெரியாது. ஒரு நாள் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு நீங்களே கேளுங்கள், "அப்பா, மூன்றாம் தடவையும் வராவிட்டால் என்ன செய்வீங்க" என்று. என்னிடம் படித்த பிள்ளை ஒன்று அப்படிக் கேட்டது. தகப்பன் சொன்ன பதில் "நீ அதையா யோசிச்சிட்டு இருக்கிற" என்பது மட்டும்தான், பிள்ளைக்கு அதோடு பாதிப் பாரம் போய்விட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கை குளிர்வதோடு நிற்காமல், சாப்பாடு இறங்காமல், நித்திரை வராமல், இருந்து என்ன என்கிற மாதிரி எண்ணம் வந்தால் அதை விடாமுயற்சியால் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். 1926க்கு எடுத்துக் கதையுங்கள், மனநல உதவிக்கான அரசாங்க இலக்கம். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பாதைக்காரி (மண்டூர்):

எல்லாருக்கும் நன்றி. ரீச்சர், இருந்து என்ன என்கிற மாதிரி எல்லாம் இல்லை, பயம்தான். இலக்கத்தைக் குறித்து வைத்திருக்கிறேன். கல்முனை அண்ணன், நீங்கள் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன், முகம் மாறிவிட்டது, ஆனால் வர்த்தமானி வந்தால் சொல்லு என்றா.

ஆரையம்பதி அண்ணன் சொன்ன மாதிரி ஞாயிற்றுக்கிழமை இருந்து செய்தேன். 18 சரி. உங்களைவிட மூன்று குறைவு. பிழையானதைப் பிரித்தேன், 14, 10, 8. அந்த 14இல் 6 திரவநிலை. டொக்டர் தாளைக் கிழித்துவிட்டேன், கோபத்தில் இல்லை, பல்லி எச்சத்தில்.

நேற்றுப் பாதையில் கொப்பியைத் திறந்தேன், கரையை விட்டதும் திறக்க வேண்டும் என்று கட்டியிருந்தேன் அல்லவா. எங்களுக்குப் பின்னால் ஒருவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிளோடு ஏறினார், ஏறும்போது பாதை சாடையாக இறங்கியது. எவ்வளவு இறங்கியிருக்கும் என்று கணக்குப் பார்த்தேன். சைக்கிளும் இரண்டு பேரும் சேர்த்து 250 கிலோ என்று வைத்தேன், தட்டின் பரப்பு 50 சதுர மீற்றர் என்று கண் மட்டத்துக்கு எடுத்தேன், தண்ணீரின் அடர்த்தி 1000. விடை அரைச் சென்ரிமீற்றர். ஆனால் நான் கண்ணால் பார்த்தது அதைவிடக் கூட. மாஸ்டர், எங்கே பிழை?

பௌதிகவியல் மாஸ்டர் (களுவாஞ்சிக்குடி):

நல்ல கேள்வி. இரண்டு விசயம். அவர்கள் ஏறியது ஒரு ஓரத்தில், அதனால் அந்த ஓரம் சாய்ந்து கூட இறங்கும், மற்ற ஓரம் சாடையாக எழும்பும். நீ நின்றது எந்த ஓரம்? அடுத்தது, நீ எடுத்தது தட்டின் பரப்பு. தட்டா மிதக்கிறது? இன்றைக்கு ஏறும்போது குனிந்து பார்.

பாதைக்காரி (மண்டூர்):

பார்த்தேன் சேர். தட்டுக்குக் கீழே மிதவைதான் தண்ணீரில் இருக்கிறது, தட்டைவிட அகலம் குறைவு. தண்ணீர் மட்டத்தில் இருக்கிற பரப்பைத்தான் எடுத்திருக்க வேண்டும், பாதி என்று வைத்தால் ஒரு சென்ரிமீற்றர். நான் நின்றதும் அவர்கள் ஏறின ஓரம்தான். கொப்பியில் எழுதிவிட்டேன், இரண்டாவது வகை.